டிரிஃப்ட் சாக்: போடுவதற்கு முன்னால் எடுக்கப் பழகுங்கள்

காற்று நன்றாக வீசும் நாளில் சின்னப் படகின் எஞ்சினை அணைத்துவிட்டுத் தூண்டில் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஈயம் தரையைத் தொட்டது கைக்குத் தெரிவதற்குள் படகு நகர்ந்துவிடும். தூண்டில் நரம்பு சரியும், இன்னும் கொஞ்சம் விட்டால் தொட்டுவிடும் என்று விட்டுக்கொண்டே இருப்போம், கடைசியில் நரம்பு தண்ணீர்மேல் படுத்தமாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், இரை எங்கே இருக்கிறதென்று நமக்கும் தெரியாது. 12 மீட்டர் ஆழத்துக்கு நரம்பு 45 டிகிரி சாய்ந்தாலே 17 மீட்டர் விட வேண்டும், 60 டிகிரி சாய்ந்தால் 24 மீட்டர். அவ்வளவு நரம்பு வெளியே இருக்கும்போது மீன் மெல்லக் கடித்தால் கைக்கு வராது, வந்தாலும் வெட்டி இழுப்பதற்குள் அது விட்டுவிட்டுப் போயிருக்கும்.

என்னுடையது 14 அடிப் படகு, பின்னால் ஒரு அவுட்போர்டு எஞ்சின். இரண்டு பேர் உட்கார்ந்து மீன்பிடிக்க வசதியானது, ஆனால் காற்றுக்கு ஒரு காகிதம் மாதிரி. ரொம்ப நாள் நான் செய்த வைத்தியம் கனமான ஈயம் கட்டுவது. 20 கிராம் போதாது, 40 போடு, அதுவும் போதாது, 80 போடு என்று. ஈயம் கனத்தால் தரையைத் தொடும், சரிதான், ஆனால் இரை தரைமேல் இழுபட்டு ஓடும், பாறையில் சிக்கும். அது ஈயத்தின் பிரச்சினையே இல்லை, படகின் வேகம்தான் பிரச்சினை என்று எனக்குப் புரிந்தது கையில் ஜிபிஎஸ் வந்த பிறகுதான். வெண்ணுரை அங்கங்கே தெரிகிற ஒரு காற்றில் எஞ்சினை அணைத்து வேகத்தைப் பார்த்தேன், மணிக்கு 2.8 கிலோமீட்டர். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அது நிமிடத்துக்கு 47 மீட்டர். மீன் நிற்கிற பாறைத்திட்டு 50 மீட்டர் அகலம் என்றால் ஒரு நிமிடத்தில் அதைக் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு நிமிடத்தில் இரை கீழே போய்ச் சேரவே கால்வாசி நேரம் போய்விடும்.

நங்கூரம் போடலாமே என்று கேட்கலாம். மீன் ஒரே இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் போடலாம், நானும் போடுவேன். ஆனால் மீன் எங்கே என்று தேடும் நாளில், மெதுவாக நகர்ந்துகொண்டே பெரிய பரப்பைத் துழாவுவதுதான் பலன் தரும். நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது. அதற்குத்தான் டிரிஃப்ட் சாக், படகில் கட்டித் தண்ணீரில் விட்டால் நகர்வை மெதுவாக்கும் பை.

பார்க்க அது பாராசூட்டுக்கும் புனலுக்கும் நடுவில் ஒன்று மாதிரி இருக்கும். நைலான் துணியில் தைத்த கூம்பு, அகலமான வாய், ஒடுங்கிய வால், வாலில் தண்ணீர் வெளியேற ஒரு சின்ன ஓட்டை. வாயின் ஒரு ஓரத்தில் மிதவை, எதிர் ஓரத்தில் எடை, அதனால்தான் தண்ணீருக்குள் வாய் நிமிர்ந்து திறக்கிறது. வாயைச் சுற்றியுள்ள நாடாக்கள் ஒன்றுசேரும் இடத்தில் கட்டும் கயிற்றை நான் தலைக்கயிறு என்பேன். வாலில் கட்டும் இன்னொரு கயிற்றை வால்கயிறு என்பேன். இந்த வால்கயிறுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அளவு. நான் முதலில் வாங்கியது 30 அங்குல வாய். அதே அளவு காற்றில் போட்டபோது வேகம் 2.8-லிருந்து 2 கிலோமீட்டருக்குக் கிட்டே இறங்கியது. நல்லதுதான், ஆனால் நரம்பு இன்னும் சரிந்தே நின்றது. அப்புறம் 48 அங்குலம் ஒன்று வாங்கினேன், வேகம் ஒன்றரைக்கு வந்தது. 30-க்கும் 48-க்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்று தோன்றும், ஆனால் தண்ணீரைத் தடுப்பது வாயின் பரப்பு. விட்டம் 1.6 மடங்கு என்றால் பரப்பு 2.56 மடங்கு. இதைத் தெரிந்துகொண்டு வாங்கியிருந்தால் முதல் பையை வாங்கியே இருக்க மாட்டேன். கயாக், பரிசல் மாதிரி சின்னதற்கு 24 முதல் 30 அங்குலம் போதும். 14 முதல் 16 அடிப் படகுக்கு 36-க்குக் குறைந்து போகாதீர்கள், நான் 42 அல்லது 48 என்பேன். படகு உயரமாக இருந்தாலோ, மேலே கூரை இருந்தாலோ இன்னும் ஒரு அளவு கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் காற்று பிடிக்கிற பரப்பு அங்கேதான் இருக்கிறது. துணிக்கூரையை மடக்கி வைத்தாலே நகர்வு குறைவதை ஜிபிஎஸ்ஸில் பார்க்கலாம், அதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது 48 அங்குலப் பையும் சேர்த்துப் போட்டால் வேகம் பாதியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒன்றரை இருந்தது 1.2-க்கு வந்தது, அவ்வளவுதான். தண்ணீரின் தடை வேகத்தின் இருமடியோடு கூடுகிறது, அதனால் வேகத்தைப் பாதியாக்க வேண்டுமானால் தடையை நான்கு மடங்காக்க வேண்டும், இரண்டு மடங்கு போதாது. இது புரிந்த பிறகு பைகளை அடுக்குவதை விட்டுவிட்டேன். சரியான அளவில் ஒன்று, அதைக் கட்டும் இடம், இந்த இரண்டில்தான் வேலை இருக்கிறது.

கட்டும் இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எஞ்சினின் கால், அதாவது புரோப்பெல்லர் உள்ள அடிப்பகுதி, தண்ணீரில் இறங்கியிருக்கும் படகைச் சும்மா விட்டால் அதன் அணியம், அதாவது முன்முனை, காற்றோடு போய்விடும். முன்பக்கம் இலேசானது, தண்ணீரில் பிடிப்பு இல்லை. பின்பக்கமான அமரத்தில் எஞ்சினின் எடையும் அதன் காலும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விளைவு, அமரம் அரைகுறையாகக் காற்றைப் பார்த்தபடி படகு கோணலாக நகரும், அலை பின்னாலிருந்து வரும். சின்னப் படகுகளில் எஞ்சின் மாட்டுகிற அந்தப் பின்பலகைதான் ஆகத் தாழ்ந்த இடம். அதனால் பையை அமரத்தில் மட்டும் கட்டவே கட்டாதீர்கள். காற்றில்லாத நாளில் ஒன்றும் ஆகாது, ஆனால் அலை எழும்பும் நாளில் பை படகின் பின்பக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வருகிற அலையோடு மிதந்து ஏற விடாது, தண்ணீர் நேரே உள்ளே வரும்.

அணியத்தில் கட்டினால் படகு காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அலைக்கு இதுதான் பாதுகாப்பு. ஆனால் மீன்பிடிக்க இது கொஞ்சம் இடைஞ்சல், ஏனென்றால் படகு பின்னோக்கிப் போகும்போது எல்லா நரம்பும் படகின் விலா ஓரமாக முன்னால் பையை நோக்கியே நீளும். இரண்டு பேர் பிடித்தால் இருவருடைய இரையும் கிட்டத்தட்ட ஒரே தடத்தில்தான் போகும்.

மீன்பிடிக்க எனக்குப் பிடித்தது படகைக் குறுக்காக நகர விடுவது. விலா காற்றைப் பார்த்திருக்கும், பை காற்று வரும் பக்கம் தண்ணீருக்குள் நிற்கும், நாங்கள் இருவரும் அதே பக்கம் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து நரம்பை விடுவோம், நரம்பு படகுக்கு அடியில் போகாமல் வெளிப்பக்கம் சாயும். ஒவ்வொருவருக்கும் தனித் தடம், நாலு மீட்டர் அகலத்தைத் துழாவிக்கொண்டே போகலாம். இதற்கு அணியத்திலிருந்து அமரம் வரை காற்று வரும் பக்கத்தில் ஒரு கயிற்றைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டி, அதில் ஒரு கண்ணி போட்டுத் தலைக்கயிற்றை அந்தக் கண்ணியில் மாட்டுகிறேன். கண்ணியை முன்னே தள்ளினால் அணியம் காற்றுக்குத் திரும்பும், பின்னே தள்ளினால் விலகும். நடுவில் வைத்தால் சரியாகக் குறுக்காக நிற்கும் என்று நினைப்போம், ஆனால் நான் முன்னே சொன்ன காரணத்தால் நடுவை விட ஒரு முழம் முன்னே இருந்தால்தான் என் படகு குறுக்காக நிற்கிறது. உங்கள் படகுக்கு எங்கே என்பதை அமைதியான ஒரு நாளில் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, அந்த இடத்தில் கயிற்றில் ஒரு நிற நாடா சுற்றி வைத்துவிடுங்கள்.

அலை பெரிதாகிறது என்றால் குறுக்காக நிற்பதை உடனே நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் வரும் அலை படகை உருட்டும். படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்வதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது என்றால் கண்ணியை முன்னே தள்ளி அணியத்தைக் காற்றுக்குத் திருப்பிவிடுங்கள், அல்லது தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நான் பெரும்பாலும் கிளம்பிவிடுவேன்.

சரி, என் முதல் விபத்து. பையை எந்தப் பக்கம் போடுவது என்று யோசிக்காமல், நான் உட்கார்ந்திருந்த பக்கம் அப்படியே எறிந்தேன். அது காற்று போகும் பக்கம். பை தண்ணீரில் நின்றது, படகு அதன் மேலேயே நகர்ந்து போனது. பை படகின் அடியில் புகுந்து மறுபக்கம் எஞ்சினின் காலில் சுற்றிக்கொண்டது. என்ன நடந்தது என்று புரியாமல் எஞ்சினை இயக்கப் போனேன், கூட வந்த நண்பர் கையைப் பிடித்துத் தடுத்தார். இயக்கியிருந்தால் புரோப்பெல்லர் கயிற்றைச் சுருட்டி எஞ்சினையே நிறுத்தியிருக்கும், காற்றோ எங்களைக் கரைப்பாறைகளை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. எஞ்சினைத் தூக்கி வைத்து, நண்பர் எதிர்ப்பக்கம் எடையாக உட்கார்ந்துகொள்ள, நான் குனிந்து கயிற்றைப் பிரித்தெடுக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. துடுப்பு இருந்ததால் நடுவே இரண்டு முறை பாறையிலிருந்து தள்ளிக்கொண்டோம்.

அன்றிலிருந்து ஒழுங்கு இதுதான். எஞ்சின் நியூட்ரலில், அப்புறம் அணைப்பு. எந்தப் பக்கம் காற்று கன்னத்தில் படுகிறதோ அந்தப் பக்கம்தான் பை. வாயை முதலில் தண்ணீரில் முக்கி, துணி நனைந்து விரியும்வரை கையில் பிடித்திருந்து, பிறகு கயிற்றை மெதுவாக விடுவேன். சுருட்டிய கயிற்றுக்குள் யார் காலும் இல்லை என்று ஒருமுறை பார்ப்பேன். தலைக்கயிறும் பையும் சேர்ந்த நீளம், கட்டிய இடத்திலிருந்து புரோப்பெல்லரை எட்டக்கூடாது. அணியத்திலிருந்து புரோப்பெல்லர் 4 மீட்டர் என்றால், கயிறும் பையும் சேர்ந்து மூன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். அலை இருக்கும்போது கயிறு குட்டையாக இருந்தால் பை தண்ணீரை விட்டு எழும்பி எழும்பி வெடுக்கென்று இழுக்கும், அப்போது நீளம் கூட்டத்தான் வேண்டும், அப்படிக் கூட்டிய நாளில் பை மேலே வந்துவிட்டதைக் கண்ணால் பார்க்காமல் சாவியைத் தொடுவதில்லை. தலைக்கயிற்றுக்கும் பைக்கும் நடுவில் சுழலும் ஸ்விவல் ஒன்று போடுங்கள், இல்லையென்றால் பை சுற்றிச் சுற்றிக் கயிறு முறுக்கேறி, அரை மணி நேரத்தில் வாயே மூடிவிடும்.

இப்போது வால்கயிறு. 48 அங்குலப் பையை முதல் முறை போட்ட நாளில் வால்கயிறு கட்டவில்லை, பொதியிலேயே விட்டுவிட்டேன். நகர்வு முடிந்ததும் தலைக்கயிற்றைப் பிடித்து இழுத்தேன், ஒரு முழம்கூட வரவில்லை. நண்பரும் வந்து பிடித்தார். இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று குனிந்து இழுத்தோம், படகு அந்தப் பக்கம் சாய்ந்து விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. ஒரு வாளி அளவுதான், ஆனால் அந்த நொடியில் வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது. 48 அங்குல வாயும் அதே அளவு நீளமும் உள்ள கூம்பில் ஏறக்குறைய 450 லிட்டர் தண்ணீர் இருக்கும், கணக்குப் போட்டால் 450 கிலோ. தண்ணீருக்குள் அதன் எடை தெரியாது. ஆனால் வாயைத் தூக்கிப் படகின் விளிம்புக்குக் கொண்டுவர முயன்றால் அத்தனையையும் தூக்குகிற மாதிரிதான். வாலிலுள்ள அந்தச் சின்ன ஓட்டை வழியாக அது வடிவதற்குள் நம் முதுகு போய்விடும்.

வால்கயிறு இருந்தால் இதெல்லாம் இல்லை. தலைக்கயிற்றைத் தளர விட்டு வால்கயிற்றை இழுத்தால் பை தலைகீழாகத் திரும்பி, வால் முன்னே, வாய் பின்னே என்று காலியாக வரும். ஒரு கையால் இழுத்துவிடலாம், நனைந்த துணியின் எடை மட்டும்தான். அதனால் புதிதாக வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது, கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு போட்டு எடுத்துப் பழகுங்கள். வால்கயிற்றைத் தலைக்கயிற்றை விட ஒரு மீட்டராவது நீளமாக வையுங்கள், குட்டையாக இருந்தால் அதுவே இறுகி, பை பாதி மடங்கியபடி நகரும், நாமோ அளவு போதவில்லை என்று பையைக் குறை சொல்வோம். இரண்டு கயிறும் வேறு நிறத்தில் இருக்கட்டும். வால்கயிற்றில் ஒரு சின்ன மிதவை கட்டினால் அது தலைக்கயிற்றோடு பின்னிக்கொள்ளாமல் விலகி நிற்கும்.

மீன் மாட்டும் நேரத்திலும் இந்தக் கயிறுதான் உதவும். குறுக்காக நகரும்போது நரம்பு சாய்வதும் பை நிற்பதும் ஒரே பக்கம். பெரிய மீன் மேலே வந்து ஓடினால் நேரே தலைக்கயிற்றைச் சுற்றப் பார்க்கும். ஒருவர் மீனைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் பேச்சே இல்லாமல் வால்கயிற்றை இழுத்துப் பையை உள்ளே எடுத்துவிட வேண்டும். இதை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு நல்ல மீன் இப்படித்தான் கயிற்றில் நரம்பு உரசி அறுத்துக்கொண்டு போனது, ஏனென்றால் நாங்கள் இருவருமே மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீரோட்டம் உள்ள இடத்தில் பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். பை பிடிப்பது தண்ணீரை, தரையை இல்லை. தண்ணீரே நகர்கிறது என்றால் பையும் அதோடு போகும், படகையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு கழிமுகத்தில் காற்றே இல்லாத நேரத்தில் பையைப் போட்டுவிட்டு, ஜிபிஎஸ் இன்னும் இரண்டு கிலோமீட்டர் காட்டுகிறதே என்று குழம்பியிருக்கிறேன். நீரோட்டம் இரண்டு கிலோமீட்டர் என்றால் அங்கே பையால் ஒன்றும் செய்ய முடியாது. காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக இருக்கும்போது இன்னும் வேடிக்கை: பை படகை நீரோட்டத்தோடு கட்டிவிடும், படகு காற்றை எதிர்த்தே மெல்ல நகரும். இது தெரிந்தால் சில இடங்களில் நல்ல பலன் உண்டு, காற்று நம்மைத் தள்ளிவிடும் திட்டின் மேல் கிட்டத்தட்ட நின்றபடியே பிடிக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் அலை செங்குத்தாகவும் நெருக்கமாகவும் எழும்பும், அதனால் பை அணியத்திலேயே இருக்கட்டும்.

எஞ்சினை ஓட்டிக்கொண்டே இரையை இழுக்கும்போதும் இதைப் பயன்படுத்துகிறார்கள். சில எஞ்சின்கள் ஆகக் குறைந்த வேகத்திலும் இரைக்கு அதிகமான வேகத்தில்தான் ஓடும், அப்போது அணியத்தின் இரண்டு பக்கமும் சின்னப் பை ஒவ்வொன்று கட்டினால் வேகம் இறங்கும். கயிற்று நீளத்தில் கறாராக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

பை இல்லாத நாளில் வாளியைக் கட்டி விட்டிருக்கிறேன். ஒரு கயாக்குக்கு அது ஓரளவு போதும், 14 அடிப் படகுக்குப் போதாது, அதோடு வாளியின் கைப்பிடி முதல் பெரிய அலையிலேயே பிய்த்துக்கொண்டு போனது. சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அதை நான் செய்ய மாட்டேன், மீன் வாழும் தரையையே கிளறிவிடுகிறது. அதோடு எங்காவது சிக்கிக்கொண்டால் படகு சட்டென்று நின்று அலை மேலே ஏறும். ஆழம் குறைந்த இடத்தில் பையும் அப்படித்தான் சிக்கும். ஒன்றரை மீட்டர் தண்ணீரில் 48 அங்குலப் பையைப் போட்டால் வாயின் கீழ் ஓரம் தரையைத் தொட்டுவிடும், பாசியை அள்ளி நிரப்பிக்கொள்ளும். இரண்டரை மீட்டருக்குக் குறைந்தால் நான் எடுத்துவிடுகிறேன்.

இன்னொன்று. புயலில் படகைக் காப்பாற்றப் போடும் கடல் நங்கூரமும் இதுவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் அதன் துணியும் நாடாவும் தையலும் வேறு உறுதியில் செய்தவை, கயிறும் மிக நீளம். எஞ்சின் நின்றுபோன நேரத்தில் நம் பையை அணியத்தில் கட்டினால் அணியம் காற்றைப் பார்க்கும், கரையை நோக்கித் தள்ளப்படும் வேகம் குறையும், உதவி வரும்வரை நேரம் கிடைக்கும். அந்த அளவுக்கு உதவும். பை இருக்கிறது என்ற தைரியத்தில் மோசமான வானிலையில் கிளம்பக்கூடாது. உயிர்க்காப்பு மேலாடை உடம்பில் இருக்க வேண்டும், கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும், கைக்கு எட்டும் இடத்தில் கத்தி ஒன்று இருக்க வேண்டும். பை போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுகிறேன். ஈரத்தோடு சுருட்டி வைத்த என் முதல் பையில் பூஞ்சை பிடித்து, நாடா தைத்த இடமெல்லாம் இற்றுப்போனது. வெயிலில் நாள் கணக்காகக் கிடந்தாலும் நைலான் நைந்துவிடும். காய்ந்த பிறகு வாயிலிருந்து வாலை நோக்கிச் சுருட்டி, தலைக்கயிற்றை அதன்மேல் சுற்றி, வால்கயிற்றின் முனை மட்டும் வெளியே தெரியும்படி பொதியில் வைக்கிறேன். அடுத்த முறை படகில் ஏறியதும் பொதியைத் திறப்பதற்கு முன்பே அந்த முனையைப் படகில் கட்டிவிடலாம்.